பத்தரை மணிக்குச் சாகும் கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்தரை மணிக்குக் கம்ப்யூட்டர் செத்தது.

நேரில் பார்த்தவர்கள் நான்கு பேர். திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. மணமகனின் பெயர் முழுதாக வந்துவிட்டது. மணமகளின் பெயரில் மூன்றாவது எழுத்து விழும்போது திரை நீலமானது. வெள்ளை எழுத்தில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தது. அதன்பிறகு எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை.

விசைப்பலகையின் முன்னால் இருந்த சிவாஜினி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், யாரோ துப்பாக்கியை நீட்டியதுபோல.

“நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை.”

“நீ செய்தனி எண்டு நான் சொன்னனோ?” என்றார் அச்சகத்தின் முதலாளி இரவிச்சந்திரன். பிறகு நாகுவின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்கள்தானே தம்பி? இதுதான். நான் இருந்தா ஓடும். அவ இருந்தா நிக்கும். நாலு கிழமையா இதே கதை.”

“பார்த்தேன்,” என்றான் நாகு.

“செத்தவருக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள் அவனுடைய உதவியாளர் யோசெப்பின்.

“ரெண்டு வருசம். செக்கண்ட் ஹாண்டா வாங்கினது.”

“பாவம். சாகிற வயசில்லை.”

நாகு என்கிற நாகசுப்பிரமணியன் மயிலாப்பூர்க்காரன். மேல்படிப்புக்கு மொன்ட்ரியால் வந்து, படித்து முடித்து, வேலையில் சேர்ந்தவன். நிறுவனம் அவனுடைய பிரிவையே மூடிவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறை எடுத்துக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கத் தொடங்கினான். உதவிக்கு வந்தவள் யோசெப்பின். யாழ்ப்பாணத்துப் பாஷையூர். பிரெஞ்சு பேசுவாள், கார் ஓட்டுவாள், வாயை மூடமாட்டாள். தமிழ் வாரப் பத்திரிகையில் வந்த விளம்பரம் அவள் எழுதியது: ‘கொம்பியூட்டர் சாகுதோ? கொலையாளியைப் பிடித்துத் தருவோம்.’

அதை அப்படியே நம்பி வந்த முதல் ஆள் இரவிச்சந்திரன். கொலையாளி யார் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார்.

அச்சகம் ஜான்-டலோன் வீதியில், டெப்பனர் என்று அங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. முன்னறையில் கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும். பின்னறையில் காகிதம் வெட்டும் மெஷின். அங்கே இரவிச்சந்திரனின் மனைவி புஷ்பராணி வேலை செய்துகொண்டிருந்தாள். ஜூன் மாதம். கல்யாண சீசன்.

இரவிச்சந்திரன் நாகுவை ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

“தம்பி, நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. இஞ்ச பகுத்தறிவு வாசகர் வட்டத்துக்கு மூண்டு வருசமா நான்தான் தலைவர். ஆனா எங்கட தொழில் கலியாணக் காட். அவவுக்குப் புருசன் போய் ஒண்டரை வருசம். சனம் கதைக்குது. அவ கை வைச்சா மெஷினே நிக்குதாம் எண்டு. நான் நம்பேல்லை. சனம் நம்புது.”

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அறையின் நீளம் பன்னிரண்டு அடி. எல்லோருக்கும் கேட்டது.

“நாளைக்குக் காலமை நானூறு காட் போகவேணும். இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையில பாருங்கோ. மெஷினில பிழை எண்டா திருத்துங்கோ. பிழை இல்லையெண்டா, திங்கட்கிழமையில இருந்து வேற ஆள் வைப்பன்.”

“அண்ணை,” என்றாள் சிவாஜினி. “திங்கட்கிழமை எனக்கு அந்தக் கடிதம்...”

“பேந்து பாப்பம் பிள்ளை.”

அவர் மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு, சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்வீட்டுக்காரரைப் பார்க்கக் கிளம்பினார். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

“என்ன கடிதம்?” என்றான் நாகு.

“வேலைக் கடிதம். அம்மாவை இஞ்ச எடுக்க ஸ்பொன்சர் போட்டிருக்கிறன். திங்கட்கிழமை குடிவரவு ஒபீசில குடுக்கவேணும்.” சிவாஜினி நீலத் திரையைப் பார்த்தபடியே பேசினாள். “வேலை இல்லையெண்டா கடிதம் இல்லை. கடிதம் இல்லையெண்டா அம்மா கொழும்பு லொட்ஜிலேயே இருக்கவேண்டியதுதான். எட்டு மாசமா அங்கதான் இருக்கிறா. அங்க தமிழ்ச்சனம் எண்டா பொலிஸ் பதிவு, பொலிஸ் பதிவு எண்டு அலைச்சல்.”



நாகுவின் மனைவி இறந்து இரண்டு வருடம். அவன் கை வைத்த எந்த மெஷினைப் பற்றியும் யாரும் கதைத்ததில்லை.

“எப்பெல்லாம் நின்னுதுன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டான்.

“ஞாபகமில்லை. எழுதி வைச்சிருக்கிறன்.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கழிவுப் பத்திரிகையை எடுத்தாள். தங்க நிறப் பிள்ளையார் பக்கவாட்டில் சாய்ந்து அச்சாகியிருந்தார். பின்பக்கத்தில் தேதி, கிழமை, நேரம். சின்ன, நேரான கையெழுத்து. பதினெட்டு வரிகள். இன்றைய வரியையும் எழுதினாள். பத்தொன்பது.

“இதை முதலாளிகிட்ட காட்டினீங்களா?”

“காட்டினனான். ‘பதினெட்டுத் தரமும் நீதானே இருந்தனி’ எண்டார்.”

“கணக்கில அவர் புலிதான்,” என்றாள் யோசெப்பின்.

*

நாகுவுக்கு முதலில் மின்சாரத்தின் மேல் சந்தேகம். பழைய கட்டிடம், பழைய கம்பி. பின்னறையில் வெட்டும் மெஷின் ஓடும்போது முன்னறையில் மின்சாரம் குறையலாம்.

“சனிக்கிழமையில வெட்டிறேல்லை,” என்றாள் சிவாஜினி. “ஆனா சனிக்கிழமையும் நிண்டது.”

கீழே டெப்பனரில் பெரிய குளிர்பெட்டி இருந்தது. யோசெப்பின் இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு காப்பியோடு திரும்பி வந்தாள். படியிலேயே நின்று அறிக்கை தந்தாள்.

“பிரிட்ஜ் இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடுதாம். அவரிட்டயும் ஒரு மெஷின் இருக்கு சேர். லொட்டோச் சீட்டு அடிக்கிற மெஷின். அதே கம்பி, அதே கரண்ட். ஒருநாளும் நிண்டதில்லையாம்.”

“அப்போ மின்சாரம் இல்ல.”

“இல்லை. இல்லாட்டி லொட்டோ மெஷினை ஆண்டவர் நேரடியாகக் காப்பாத்துறார்.”

இருவரும் வெளிப்படியில் உட்கார்ந்தார்கள். வளைந்து இறங்கும் இரும்புப் படி. கீழே பஸ் போனது. நாகு பட்டியலை முழங்காலில் வைத்து வாசித்தான்.

“திங்கட்கிழமை ஒண்ணுமே இல்ல. நாலு திங்களும் சுத்தம். செவ்வாய் மூணு மணி. புதன் பன்னிரண்டு. வியாழன் ஒண்ணரை. வெள்ளி பத்தரை. சனி ஒன்பது. அடுத்த வாரமும் அதே. அதுக்கு அடுத்த வாரமும் அதே.”

“திரும்பச் சொல்லுங்கோ.”

“செவ்வாய் மூணு. புதன்...”

“புதன் பன்னெண்டு, வியாழன் ஒண்டரை, வெள்ளி பத்தரை, சனி ஒன்பது.” பட்டியலைப் பார்க்காமலே சொன்னாள். “திங்கள் காலமை ஏழரை. ஞாயிறு நாலரை.”

நாகு காப்பியைக் கீழே வைத்தான். “திங்களும் ஞாயிறும் இதில இல்லையே.”

“ஏழரைக்குக் கடை திறந்திருக்காது. ஞாயிறு கடையே இல்லை. சேர், இந்தக் கணக்கு எனக்குப் பாடம். என்ர வீட்டுக்கு மேல்மாடியில சிவமலர் அக்கா இருக்கிறா. செவ்வாய் மூண்டு மணிக்குத் தட்டினா கதவு திறக்கமாட்டா. வெள்ளி பத்தரைக்குச் சீனி கேட்டா, பன்னெண்டுக்குப் பிறகு வா எண்டுவா. நாலு வருசமாச் சீனி கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினது.”

“என்ன கணக்கு அது?”

“ராகு காலம்.”

நாகு பட்டியலைப் பார்த்தான். யோசெப்பினைப் பார்த்தான்.

“எங்க வீட்ல அம்மா பார்ப்பாங்க,” என்றான். “நான் பஸ் டைம் தவிர எதையும் பார்த்ததில்ல.”

“மயிலாப்பூர்க்காரருக்கு ஒரு வேதக்காரி வந்து ராகு காலம் சொல்லித்தர வேண்டிக் கிடக்கு. மாதா, இதை எழுதி வையும்.”

“ராகு காலம் ஆறு மணிக்கு மேல வருமா?”

“வராது. பகலிலதான்.”

“முதலாளி எப்போ உட்கார்றார்?”

“ஆறு மணிக்குப் பிறகுதான் அவர் மெஷினைத் தொடுறவர். சிவாஜினி சொன்னவ.” யோசெப்பின் எழுந்தாள். “அப்ப வழக்கு முடிஞ்சுது. ‘ஐயா, உங்கட டைப்பிஸ்ட் குற்றமற்றவ. கொலையாளி ராகு. விலாசம் தெரியாது.’ பகுத்தறிவுத் தலைவர் சந்தோசப்படுவார்.”

“உள்ளே போகலாம்,” என்றான் நாகு. “இதைப் பற்றி ஒருத்தரைக் கேட்கணும்.”

*

பின்னறையில் புஷ்பராணி உறைகளை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, அதன் நடுவே குங்குமம். வெட்டும் மெஷினுக்கு மேலே முருகன் படம். படத்தில் அன்றைய பூ இருந்தது. இந்த வீட்டில் பக்தி யாருடைய இலாகா என்று கேட்கத் தேவையில்லை.

யோசெப்பின் நாகுவின் காதருகே சொன்னாள். “ஆளைப் பிடிச்சிட்டம் போல கிடக்கு.”

“அக்கா,” என்றான் நாகு. “இன்னைக்கு ராகு காலம் எப்போ?”

புஷ்பராணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “பத்து ஐம்பத்தொன்பது தொடக்கம் பன்னெண்டு ஐம்பத்தேழு வரை. இப்பதான் தொடங்கினது. ஏன், ஏதும் புதுசாச் செய்யப் போறீங்களோ? செய்யாதேங்கோ.”

நாகுவும் யோசெப்பினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பத்தரை இல்லையோ அக்கா?” என்றாள் யோசெப்பின். “வெள்ளி பத்தரை எண்டுதானே எல்லாரும் சொல்லுவினம்?”

“அது ஊரில. ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற இடத்தில. இஞ்ச இப்ப எத்தினை மணிக்கு விடியுது? அஞ்சுக்கு. பொழுது படேக்க ஒன்பதாகுது. பகலை எட்டாப் பிரிச்சுத்தான் ராகு காலம் பாக்கிறது. பகல் நீண்டா அதுவும் நீளும்.” அவள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “கோயில் ஐயா மொன்ட்ரியாலுக்கெண்டு கணிச்சுத் தந்தது. அரைவாசிச் சனம் ஊர்க் கலண்டரைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாக்குதுகள். ராகு சூரியனைப் பாத்து வாறவர். கலண்டரைப் பாத்தே வாறவர்?”

“செவ்வாய்க்கிழமை?” என்றான் நாகு.

“நாலே முக்கால் அளவில.”

கம்ப்யூட்டர் செவ்வாய் மூன்று மணிக்குச் செத்திருக்கிறது. நான்கு வாரமும் மூன்று மணிக்கு.

“ரொம்ப நன்றி அக்கா. பெரிய உதவி.”

“நான் என்ன உதவி செய்தனான்?” என்றாள் புஷ்பராணி. ஆனால் அவர்கள் முன்னறைக்குப் போய்விட்டார்கள்.

“சேர், இப்ப எனக்குத் தலை சுத்துது,” என்றாள் யோசெப்பின். “ராகுவோ, ராகு இல்லையோ?”

“ராகு இல்ல. ராகு வந்திருந்தா இன்னைக்குப் பத்து ஐம்பத்தொன்பதுக்கு வந்திருக்கணும். இது பத்தரைக்கு வந்தது. கலண்டரைப் பார்த்து வர்ற ராகு மனுஷன் அனுப்பின ராகு.” நாகு நாற்காலியை இழுத்துப் போட்டான். “உள்ளே ஏதோ ஒரு நிரல் உட்கார்ந்திருக்கு. அதுக்கு ஊர்க் கலண்டர் தெரியும். ஜன்னல் தெரியாது.”

சிவாஜினி நின்றுகொண்டிருந்தாள். “என்ன கதைக்கிறீங்கள்? என்ன ராகு காலம்?”

யோசெப்பின் பட்டியலை அவள் கையில் கொடுத்துச் சொன்னாள். சிவாஜினி தன் கையெழுத்தையே மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

“எனக்குத் தெரியேல்லை,” என்றாள். “நான் இதுகள் பாக்கிறதை விட்டிட்டன். என்னை நல்ல நேரம் பாத்துத்தான் கட்டிக் குடுத்தவை.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். நாகு கம்ப்யூட்டரை மறுபடி உயிர்ப்பித்தான்.

*

“ஒரு நிமிஷம் உங்களை நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றான்.

கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திறந்தான். தேதியை நாளைய சனிக்கிழமை ஆக்கினான். நேரத்தை எட்டு ஐம்பத்தொன்பது ஆக்கினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“நான் எங்க நிக்க?” என்றாள் சிவாஜினி.

“வாசல்ல. மெஷினை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.”

அவள் வாசலுக்கு வெளியே, இரும்புப் படியில் போய் நின்றாள். யோசெப்பின் விநாடிகளை எண்ணினாள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

திரை நீலமானது.

“மாதாவே!” என்றாள் யோசெப்பின். “சேர், நீங்கள் ராகுவைக் கைதட்டிக் கூப்பிட்டிட்டீங்கள்!”

வாசலில் சிவாஜினி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். நான்கு வாரத்தில் முதல் தடவையாக, அவள் இல்லாதபோது அது செத்திருந்தது.

அதன்பிறகு வேகமாகப் போயிற்று. கம்ப்யூட்டர் எழும்பும்போது தானாக ஓடத்தொடங்கும் நிரல்களின் பட்டியலை நாகு எடுத்தான். ஆறு இருந்தன. ஐந்து எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருப்பவை. ஆறாவதன் பெயர் ‘நேரம்’. யாரோ ஒரு தமிழர் எழுதி, ஃப்ளாப்பியில் கை மாறிக் கை மாறி வந்த சின்ன நிரல். ராகு காலம் தொடங்கும்போது ஒரு மணியை ஒலிக்கச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. கூடவே ஒரு ஒலிக் கோப்பு. கோயில் மணி, நான்கு விநாடி.

“மணி அடிச்சா மெஷின் ஏன் சாகவேணும்?” என்றாள் யோசெப்பின்.

“பெட்டியைத் திறங்க.”

அவள் கைப்பையிலிருந்து திருகாணி முடுக்கியை எடுத்தாள். உதட்டுச் சாயத்துக்கும் பஸ் பாஸுக்கும் இடையில் அது எப்போதும் இருக்கும். மூடி கழன்றது. உள்ளே இரண்டு வருடத் தூசி, சாம்பல் நிறப் பஞ்சுபோல. ஓரிடத்தில் மட்டும் தூசியில்லை. அங்கே ஓர் அட்டை செருகியிருந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணி பளபளத்தது.

“சவுண்ட் கார்டு,” என்றான் நாகு. “புதுசு. இந்த மெஷினுக்குப் பிறந்ததிலேயே ஒரு சவுண்ட் சிப் பலகையில இருக்கு. இது ரெண்டாவது. யாரோ பிறகு செருகியிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிரைவர் நிரல். ரெண்டும் உள்ளே உயிரோட இருக்கு.”

“இருந்தா என்ன?”

“உங்க வீட்டு வெளிப்படி மாதிரி நினைச்சுக்கங்க. ரெண்டாம் மாடி, மூணாம் மாடி, ரெண்டுக்கும் ஒரே அழைப்பு மணி. தபால்காரர் அழுத்தினதும் ரெண்டு வீட்டுக்காரரும் ஓடி வர்றாங்க. வளைஞ்ச படி, ஒருத்தர்தான் இறங்கலாம்.”

“ரெண்டு பேரும் முட்டுப்பட்டு நடுவில நிப்பினம். ஒருத்தரும் வழி விடமாட்டினம். எனக்குத் தெரியும், சிவமலர் அக்காவோட நான் அரை மணித்தியாலம் நிண்டிருக்கிறன்.”

“தபால்காரரும் நிப்பார். அதுதான் நீலத் திரை.”

“ஆனா இஞ்ச ஸ்பீக்கரே இல்லையே,” என்றாள் சிவாஜினி. அவள் இப்போது மேசைக்கருகே வந்திருந்தாள். “வேற சத்தம் ஒண்டும் வந்ததில்லை.”

“மற்ற எல்லாச் சத்தத்தையும் யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் எழும்பும்போது வர்ற சத்தம்கூட இல்ல. நாள் முழுக்க இந்த மெஷின் ஊமை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை பேச வாயைத் திறக்கும். திறந்த உடனே செத்துப்போகும். அதனால அந்த மணியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

நாகு புதிய அட்டையைக் கழற்றினான். அதன் டிரைவரை நீக்கினான். யோசெப்பின் தன் வாக்மேனிலிருந்து காதுக்கம்பியைப் பிடுங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினாள். ஒரு காது அவளுக்கு, ஒரு காது சிவாஜினிக்கு. மறுபடி சனிக்கிழமை. மறுபடி எட்டு ஐம்பத்தொன்பது.

சிவாஜினி கண்ணை மூடிக்கொண்டாள்.

திரை வெள்ளையாகவே இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி தோன்றி மறைந்தது. அவ்வளவுதான்.

“அடிக்குது,” என்றாள் சிவாஜினி. கண்ணைத் திறந்தாள். “நல்லூர்க் கோயில் மணி மாதிரி இருக்கு.”

“எனக்குப் பாஷையூர் அந்தோனியார் கோயில் மணி மாதிரிக் கேட்குது,” என்றாள் யோசெப்பின். “நடுவில வைச்சுக்கொள்ளுவம்.”

*

பதினொன்று நாற்பதுக்கு இரவிச்சந்திரன் திரும்பி வந்தார். நாகு நடந்ததைச் சொன்னான். அவர் பளபளக்கும் திருகாணியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பின்னறையைப் பார்த்தார்.

“புஷ்பா!” என்று கூப்பிட்டார். “இஞ்ச வா. உன்ர சாத்திரத்தால நாலு கிழமையா என்ர வேலை நிண்டிருக்கு. இந்தத் தம்பி கண்டுபிடிச்சிருக்கிறார். ராகு காலம் பாக்கிற புரோகிராமாம். ஆரைக் கேட்டு இதைப் போட்டனி?”

புஷ்பராணி கையில் உறைக்கட்டோடு வந்தாள். “எது?”

“அக்கா போடல,” என்றான் நாகு.

“வேற ஆர்? இஞ்ச ராகு காலம் பாக்கிற ஒரே ஆள் அவதான்.”

“அதனாலதான் சொல்றேன். நிரல் பத்தரைங்குது. அக்கா பத்து ஐம்பத்தொன்பதுங்கிறாங்க. அவங்க போட்டிருந்தா கோயில் தாள்ல இருக்கிற நேரத்தைத்தான் போட்டிருப்பாங்க.”

“அதோட,” என்றாள் புஷ்பராணி, “எனக்கெதுக்கு மெஷின்? நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். மணி அடிச்சு ஞாபகப்படுத்த வேணுமெண்டா, அது பாடமில்லாத ஆளுக்கு.”

 கீழே யாரோ டெப்பனர் கதவைத் திறந்தார்கள். “பொன்ஜூர்” என்றது ஒரு குரல்.

நாகு ‘நேரம்’ நிரலின் கோப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். அது பதியப்பட்ட தேதி திரையில் வந்தது. மே இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு பன்னிரண்டு.

“ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

யோசெப்பின் கூரையைப் பார்த்தாள். புஷ்பராணி கணவனைப் பார்த்தாள். பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“அது... டொரொன்டோவில ஒருத்தர் பிளாப்பியில தந்தது,” என்றார். “சும்மா ஒரு சோதினைக்குப் போட்டுப் பாத்தனான். சத்தம் வராது எண்டு ஒரு கார்டும் வாங்கிப் போட்டன். மற்றச் சத்தமெல்லாம் நிப்பாட்டினன், இது மட்டும் கேட்கட்டும் எண்டு. அடுத்த நாள் ஒண்டும் அடிக்கேல்லை. ஸ்பீக்கர் வாங்கேல்லைத்தானே எண்டு நினைச்சன். பேந்து மறந்துபோனன். சத்தியமா மறந்துபோனன் தம்பி.”

“ஏன் போட்டீங்கள்?” என்றாள் புஷ்பராணி.

“ராகு காலத்தில முதல் காட் அடிக்கக்கூடாது எண்டு... சனம்...”

“சனமோ, நீங்களோ? இந்தக் கடை திறந்து ஆறு வருசம். ஆறு வருசமும் இல்லாமல் இப்ப ஏன்?”

 சிவாஜினிதான் பதில் சொன்னாள்.

“மே இருபத்தஞ்சு ஞாயிறு. நான் இருபத்தாறு திங்கட்கிழமை வந்தனான்.”

 

“விதவை வந்து கலியாணக் காட்டுக்கு எழுத்துக் கோக்கப் போறா. நேரமாவது நல்ல நேரமா இருக்கட்டும் எண்டு யோசிச்சிருக்கிறீங்கள்,” என்றாள் சிவாஜினி. கோபமாகச் சொல்லவில்லை. தட்டெழுத்தில் ஒரு பிழையைக் காட்டுவதுபோலச் சொன்னாள். “அப்ப நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை. மெஷின் என்னாலதான் நிண்டது. நான் வராமல் விட்டிருந்தா நீங்கள் இதைப் போட்டிருக்க மாட்டீங்கள்.”

இரவிச்சந்திரனின் முகம் சிவந்தது.   கடைசியில் சொன்னது ஒரு சொல்தான்.

“பிழைதான்.”

“சரி,” என்றாள் சிவாஜினி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். புதிய தாள் ஒன்றைத் திறந்து வேலைக் கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினாள். பத்து விரலும் ஓடின. மெஷின் ஓடியது. மூன்று நிமிடத்தில் லேசர் பிரிண்டர் ஒரு பக்கத்தைத் துப்பியது.

அவர் வாங்கி வாசித்தார். “‘மூத்த எழுத்தமைப்பாளர்’ எண்டு போட்டிருக்கிறாய். நாலு கிழமைதானே ஆச்சு பிள்ளை?”

“பத்தொன்பது தடவை மெஷின் செத்திருக்கு,” என்றான் நாகு. “எத்தனை பத்திரிகை தொலைஞ்சது?”

இரவிச்சந்திரன் யோசித்தார். “ஒண்டும் தொலையேல்லை.”

“ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளாப்பியில பதிஞ்சு வெச்சிருக்காங்க. இப்பதான் பார்த்தேன். மூத்தவங்கதான்.”

“முப்பது வருசம் வேலை செய்த பெரியவை இதைச் செய்யிறேல்லை,” என்றாள் யோசெப்பின். 

இரவிச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைச் சுவரில் வைத்தார். சுவர்க் கடிகாரம் அவருடைய கண்ணுக்கு நேரே இருந்தது. பதினொன்று ஐம்பது.

பேனா நின்றது.

“ஒரு மணிக்குப் பிறகு வைச்சுத் தாறன்,” என்றார். “ஒண்டுமில்லை... ஒருக்கா ஆறுதலா வாசிச்சிட்டு...”

“உங்கட கலண்டரிலயும் இப்ப ராகு காலம்,” என்றாள் புஷ்பராணி. “என்ர தாளிலயும் ராகு காலம். அதுக்கென்ன?”

“நீயே சொல்லு புஷ்பா, ஒரு நல்ல காரியத்துக்கு...”

“நான் பாக்கிறது என்ர காரியத்துக்கு. அந்தத் தாய் நேரம் பாத்துக்கொண்டோ கொழும்பில கிடக்கிறா? வையுங்கோ.”

அவர் நாகுவைப் பார்த்தார். நாகு திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தான். யோசெப்பினைப் பார்த்தார். அவள் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

“நீங்கள்தான் நம்பிறேல்லையே அண்ணை?”

சிவாஜினி எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவசரப்படவில்லை. கை நீட்டவும் இல்லை. காத்திருந்தாள்.

“திகதியோட நேரத்தையும் எழுதுங்கோ,” என்றாள்.

இரவிச்சந்திரன் எழுதினார். தேதி, நேரம், பெயர். பெயருக்குக் கீழே ஒரு கோடு.

கையெழுத்து ராகு காலத்தில் விழுந்தது. ஆனால் செல்லும்.